பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு

அத்தியாயம் பதினொன்று

அன்றைக்குக் காலையிலிருந்தே வேம்புவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலையில் அரிசி போட்டாளா இல்லையா என்று இரண்டு தடவை மூடியைத் திறந்து பார்த்தாள். மூன்றாவது தடவையும் கை மூடிக்குப் போனபோது, சுவரோரம் சுருண்டு படுத்திருந்த நாத்தனார் பொன்னாயி வாயைத் திறந்தாள்.

"போட்டுட்டீங்க அண்ணி. நான் பாத்தேன்."

அந்த வீட்டில் பொன்னாயி ஒரு வாரமாகப் பேசிய மொத்தப் பேச்சில் அதுதான் நீளமானது.

அவள் தகரப் பெட்டியும் கையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம்தான் பார்த்தோம். காரணம் ஒரு கண்ணாடித் துண்டு. சிமெண்ட் பேக்டரி ஆட்கள் குடியிருக்கும் ரெட்டிபாளையத்துக்கு மெட்ராசிலிருந்து அமிர்தவல்லி என்ற பல் டாக்டர் வந்து, பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார் அல்லவா? வீட்டுக்கு இரண்டு பேர். புகையிலை போடுகிறவர் ஒருவர், போடாதவர் ஒருவர். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, ஐஸ் குச்சி மாதிரி ஒன்றால் கன்னத்தின் உள்பக்கத்தை வழித்து, கண்ணாடியில் தடவி எடுத்துக்கொண்டு போனார்கள். எச்சிலை எடுத்துப் போய் என்ன செய்யப் போகிறார்கள் என்று ஊரே சிரித்தது.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. பொன்னாயியை அரியலூருக்குக் கூப்பிட்டு விட்டார்கள். அவள் வாயில் ஏதோ கோளாறாம். நாள் முழுக்கப் புகையிலையை மென்றுகொண்டிருக்கும் அவள் புருஷன் பாவாடைக்கு ஒன்றுமே இல்லையாம்.

"பொழுதன்னிக்கும் போடுற எனக்கு இல்ல, தொடவே மாட்டேன்னு சொல்ற உனக்கு இருக்கா? அப்ப எத்தினி வருசமாடி எனக்குத் தெரியாம திருட்டுத்தனமா போடுற?" என்று பாவாடை தெருவே கேட்கும்படி கத்தினான். புருஷன் அடித்திருந்தால்கூடப் பொன்னாயி பொறுத்திருப்பாள். 'திருட்டு' என்றதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இனி அந்த வாசப்படியை மிதிப்பதில்லை என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

அந்தப் புகைச்சல் அடங்குவதற்குள் அரியலூரிலிருந்து மறுபடியும் ஆள் வந்தான். இந்தத் தடவை அழைப்பு வேம்புவுக்கு.

வேம்பு புகையிலையை மோந்து பார்த்தாலே தும்முகிறவள். அவள் புருஷன் ராசாங்கம்தான் வீட்டில் போடுகிறவன். பேக்டரியில் மூட்டை பிடிக்கும் இடத்தில் வேலை. சிமெண்ட் தூசி தொண்டைக்குள் இறங்காமல் இருக்க வேண்டுமானால் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் புகையிலையை விட்டால் வேறு மருந்து கிடையாது என்பது அங்கே வேலை பார்க்கிற எல்லாருடைய தீர்மானம். ராசாங்கத்துக்கு இடது கொடுப்பில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே, வெற்றிலையோடு ஓர் உருண்டை அதக்கினால்தான் கையில் மூட்டை நிற்கும்.

"மலரு, அத்தையைப் பாத்துக்க. சாப்புட வை" என்று மகள் மலர்க்கொடியிடம் சொல்லிவிட்டு வேம்பு புருஷனோடு பஸ் ஏறினாள்.

மலர்க்கொடிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை திருமானூர்ப் பக்கம். பஸ்ஸில் வேம்புவின் நினைப்பு முழுக்க அந்தத் தை மாதத்தில்தான் இருந்தது. அதுவரைக்கும் இருப்போமா என்று ஒரு தடவை நினைத்தாள். அடுத்த நிமிஷமே, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்தில் ராசாங்கம். வழக்கமாக அரியலூர் போவதற்குள் கண்டக்டரிலிருந்து ஆட்டுக்காரன் வரை எல்லாரையும் வம்புக்கு இழுக்கிற மனுஷன். அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

டாக்டர் அமிர்தவல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். அறையில் ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், அடுக்கடுக்காக மரப் பெட்டிகள். மேஜையின் நடுவில் மைக்ராஸ்கோப் நின்றது.

"உக்காருங்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது கேன்சர் இல்ல. அந்த மாதிரி முடிவு பண்ணிட்டு அழக்கூடாது, சரியா?"

அழக்கூடாது என்றதும் வேம்புவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நானே வாயால சொல்றதைவிட நீங்களே பாத்துடுங்க. வாங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டாக்டர் சலித்துக்கொள்ளவில்லை. மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்த வட்டக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினார். தெருவில் அடித்த வெயில் அந்தக் கண்ணாடியில் விழுந்து குழாய்க்குள் ஏறியது.

வேம்பு கண்ணை வைத்தாள். முதலில் அவளுடைய இமைமுடிதான் தெரிந்தது. டாக்டர் பக்கத்தில் குனிந்து ஒரு திருகை மெல்லத் திருப்பினார்.

கலங்கல் விலகியது.

வேம்பு ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

இளம்பச்சையாக, மெல்லிசாக, அப்பளம் அப்பளமாகப் பரந்து கிடந்தன. சில தனித்தனியாக, சில ஒன்றன் மேல் ஒன்று ஏறினாற்போல. ஒவ்வொன்றின் நடுவிலும் யாரோ விரலால் தொட்டு வைத்த மாதிரி ஒரு குங்குமப் பொட்டு. அது அவள் பார்த்த எதைப் போலவும் இல்லை. இவ்வளவு அழகான ஒன்று மனுஷ வாய்க்குள் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"இது... இதுவா வாய்க்குள்ள இருந்துச்சு?"

"ஆமாம்மா. பச்சையும் சிவப்பும் நாங்க ஏத்தின சாயம். மத்தபடி அது அதேதான். ஒவ்வொரு அப்பளமும் ஒரு செல். நடுவுல இருக்கிற பொட்டு இருக்கே, உங்க அப்பா அம்மா உங்களுக்குக் குடுத்ததெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. மூக்கு, முடி, நிறம், உயரம், எல்லாம்."

வேம்பு கண்ணை எடுக்கவே இல்லை. செத்துப்போன அப்பாவின் முகம் அவளுக்கு முன்னால் வந்தது. எரித்துச் சாம்பலைக் கொள்ளிடத்தில் கரைத்தாகிவிட்டது என்று நினைத்திருந்தாளே! இத்தனை வருஷமும் அந்த மனுஷன் தன் கன்னத்துக்குள் இவ்வளவு சின்னப் பொட்டாக உட்கார்ந்திருந்தாரா? சாமி கும்பிடும்போது வருமே, அப்படி அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கும்பிட வேண்டும் போலக்கூட இருந்தது. டாக்டர் சிரித்துவிடுவாரோ என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"இப்ப நடுவுல ஒரு செல் வரும் பாருங்க. பெரிய பொட்டுக்குப் பக்கத்துல என்ன தெரியுது?"

தெரிந்தது. குங்குமம் இடும்போது கை நடுங்கிச் சிந்தின மாதிரி, பெரிய பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு.

"செல் ரெண்டாப் பிரியறப்ப பொட்டும் சரிசமமா ரெண்டாப் பிரியணும். உள்ளே ஏதாவது உடைஞ்சிருந்தா அந்தத் துண்டு ரெண்டுலயும் சேராம வெளியே தங்கிடும். அதுதான் இது. ஒண்ணு ரெண்டு எல்லார் வாயிலயும் இருக்கும். இதுல நிறைய இருக்கு. வெளியே புண்ணு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, உள்ளே சேதம் ஆயிட்டிருக்குன்னு இது சொல்லுது."

வேம்பு எழுந்து புருஷனுக்கு இடம் விட்டாள். ராசாங்கம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"இவளுக்கு எப்படிங்க வந்துச்சு? இவ மோந்துகூடப் பாக்க மாட்டா. நான் பக்கத்துல கெடந்து போட்டுக்கிட்டே இருந்ததால இவளுக்கு ஏறிடுச்சா? சொல்லுங்க டாக்டரம்மா."

"அப்படி ஏறாதுங்க."

"பின்ன எப்படி? நாந்தானே போடறவன்? எனக்கில்ல வந்திருக்கணும்? என் கண்ணாடில என்ன இருந்துச்சு?"

"உங்களோடது சுத்தமா இருக்கு. அதான் எனக்கும் புரியல. பொன்னாயின்னு ஒருத்தங்க வந்தாங்களே, அவங்க வீட்லயும் இதே கதை. கூப்பிட்டு விட்டவங்கள்ல பாதிப் பேர் பொம்பளைங்க. விறகு அடுப்புப் புகையா இருக்குமோன்னுகூட யோசிச்சுப் பாத்துட்டேன்."

"கண்ணாடி மாறிப் போயிருக்குமா?" என்று கேட்டாள் வேம்பு.

"மாறவே மாறாதும்மா. அட்டையில எழுதினா கலையும்னு பேரைக் கண்ணாடியிலயே கீறிட்டோம். பாருங்க."

டாக்டர் கண்ணாடித் துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் ஊசியால் கீறின மாதிரி எழுத்து இருந்தது. வேம்பு.

"யாரைக் கேட்டுங்க கீறுனாங்க?" என்று வேம்பு கேட்டாள்.

"உங்களைக் கேட்டுத்தான். சங்கு ஊதினதும் ஆம்பளைங்க எல்லாம் ஷிப்டுக்குப் போயிட்டாங்களே. என் கூட வந்த நர்ஸ் ஒவ்வொரு துண்டா எடுத்துக் காட்டி, வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேட்டுக்கேட்டுத்தான் கீறினாங்க."

வேம்புவுக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

நர்ஸ் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தாள். அதில் வெற்றிலைச் சிவப்பு லேசாக ஒட்டியிருந்தது. "இது யாரோடது? பேரைச் சொல்லும்மா." வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள். கட்டின புருஷன் பேரைப் பொம்பளை எப்படிச் சொல்லுவாள்? ரேஷன் கடையில்கூட மகளைக் கூட்டிப்போய்ச் சொல்ல வைக்கிறவள் அவள். நர்சுக்கு அவசரம். "சீக்கிரம்மா, பேரு?" வேம்பு யோசித்தாள். இரண்டு பேர் பேரும் எப்படியும் வேண்டும், எது முதலில் போனால் என்ன? நாக்குக்கு வந்த பேரை, தன் பேரை, சொன்னாள். நர்ஸ் கீறினாள். அடுத்த துண்டு. "இது?" பின்னால் நின்ற பொன்னாயி முதுகில் இடித்துச் சிரித்தாள். "எங்க அண்ணன் பேரு ராசாங்கம்ங்க. அண்ணி சொல்லாது."

அப்போது எல்லாரும் சிரித்தார்கள். வேம்புவும் சிரித்தாள்.

"டாக்டரம்மா, அது என் கண்ணாடி இல்லீங்க."

"பயப்படாதீங்கம்மா. இதை ஒத்துக்கறது கஷ்டந்தான்..."

"பயத்துல சொல்லலீங்க. அன்னிக்கு அந்தக் கண்ணாடி செவப்பா இருந்துச்சு. வெத்தலை போடாத எனக்கு எப்படிங்க செவப்பு வரும்?"

ராசாங்கம் அவள் தோளைத் தொட்டான். "விடு வேம்பு. உனக்கு ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன். எங்க கூட்டிட்டுப் போகச் சொன்னாலும் கூட்டிட்டுப் போறேன்."

அவன் அவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷன் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டு இங்கிருந்து இறங்கிப் போவான். நாளைக்கும் இடது கொடுப்பில் அதக்குவான். நாளன்றைக்கும் அதக்குவான். அவளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிக்கொண்டு அலைவான், தன் வாயை மட்டும் திறந்து காட்ட மாட்டான்.

வேம்பு டாக்டர் கையிலிருந்த துண்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது வேம்பு இல்ல. இது ராசாங்கம்."

கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம். இருட்டில்கூட அவள் உதட்டுக்கு வராத பேர். ராசாங்கம் முதல் தடவையாகத் தன் பேரைக் கேட்கிறவன் போல அவளைப் பார்த்தான். வேம்புவுக்கு முகமெல்லாம் கொதித்தது. சொன்னதற்கு வெட்கப்படுவதா, சொல்லாமல் இத்தனை நாள் இருந்ததற்கு வெட்கப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலை மட்டும் எடுக்கவில்லை.

அன்று நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அம்மாவும் எங்க அப்பா பேரைச் சொல்ல மாட்டாங்க. எனக்கு இது தோணவே இல்லையே. அடுப்புப் புகையாம், அடுப்புப் புகை!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு டார்ச்சை எடுத்தார். "நீங்க வாயைத் திறங்க. அன்னிக்கே பாத்திருக்கணும், சங்கு வந்து கெடுத்துடுச்சு."

ராசாங்கம் வாயைத் திறந்தான். டாக்டர் கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். பஞ்சால் துடைத்துப் பார்த்தார். வேம்புவையும் கூப்பிட்டுக் காட்டினார். இடது பக்கம், புகையிலை உருண்டை உட்காரும் அதே இடத்தில், சுண்ணாம்பு படிந்த மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு. துடைத்தும் போகவில்லை.

"ரெண்டு பேருக்கும் மறுபடியும் வழிச்சு எடுத்துப் பாத்துடறேன். ஆனா இதுக்குக் காத்திருக்க வேண்டாம். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இந்த இடத்துல துளி சதை எடுத்துப் பாக்கணும். முத்தினதா இல்லையான்னு அங்கதான் சொல்லுவாங்க."

ராசாங்கம் போய் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். அதே துண்டு. அதே சின்னப் பொட்டு.

"மொதல்ல பாத்தப்ப பயந்துட்டேங்க" என்றான், கண்ணை எடுக்காமலே. "இப்ப எனக்குத்தான்னு தெரிஞ்சதும் அப்பாடான்னு இருக்கு."

"நல்லா இருக்கு பேச்சு!" என்று வேம்பு சீறினாள். "எனக்கு வந்தா பயம், உங்களுக்கு வந்தா அப்பாடாவா? வயசுக்கு வந்த பொண்ணு வூட்ல இருக்கு, ஞாபகம் இருக்கா?"

சீறிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அந்தப் பொட்டுக்குள் தன் அப்பா இருக்கிறார் என்று கும்பிடப் பார்த்தாளே, அது இந்த மனுஷனுடையது. மலர்க்கொடிக்கு வந்திருக்கும் அந்த அகலமான நெற்றி, பிடிவாதம், எல்லாம் அதற்குள்தான் இருந்திருக்கிறது. கும்பிட்டிருந்தாலும் தப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"டாக்டரம்மா, இந்த உடைஞ்ச பொட்டு ஒட்டாதுங்களா?" என்று கேட்டாள்.

"உடைஞ்சது ஒட்டாதும்மா. ஆனா கன்னத்துத் தோல் இருக்கே, அது மேல மேல உரிஞ்சு போயிட்டே இருக்கும், அடியில இருந்து புதுசு வந்துட்டே இருக்கும். நமக்கே தெரியாம ஒரு மாசத்துக்குள்ள மேல் தோல் பூரா புதுசாயிடும். புகையிலையை நிறுத்திட்டா, அடுத்தடுத்து வர்றதுல இந்தச் சின்னப் பொட்டு குறைஞ்சுட்டே வரும்னு பாத்திருக்காங்க. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நிறுத்தினாத்தான் தெரியும்."

ராசாங்கம் தன் கன்னத்தை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தான். ஏதோ புதிதாகக் குடிவந்தவரைத் தொடுவது போல மெதுவாகத் தொட்டான். மாசத்துக்கு மாசம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்த ஒன்றை, ஷிப்டு தவறாமல் இத்தனை வருஷம் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. பழக்க தோஷத்தில் கை மடிக்குப் போனது. பொட்டலத்தை எடுத்த பிறகு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். வேம்பு அதைப் பிடுங்கி மாடி ஜன்னல் வழியாக வீசினாள்.

கிளம்பும்போது டாக்டர் மரப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெட்டிபாளையத்துல வேற யாராவது வீட்டுக்காரர் பேரைச் சொல்ற பொம்பளைங்க இருக்காங்களாம்மா?"

"ஒருத்திகூட இருக்க மாட்டாங்க."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "நாளைக்குக் காலையில நான் அங்க இருப்பேன். பெரம்பலூர் முகாம் அப்புறம் பாத்துக்கலாம். ஒரு வீடு விடாம மறுபடியும் எடுக்கணும். ஆம்பளைங்களை வேலைக்கு விட்டுடாதீங்க."

அவர்கள் ரெட்டிபாளையத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் மலர்க்கொடி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். பொன்னாயி உள்ளே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேம்பு முகம் கழுவக்கூட நிற்காமல் அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"பொன்னாயி, அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல நர்சம்மா கண்ணாடியைக் காட்டிப் பேரு கேட்டப்ப நீ என்ன சொன்ன?"

"எதுக்கு அண்ணி அதெல்லாம் இப்ப?"

"சொல்லு."

"உங்களுக்குப் பின்னாலதானே நின்னேன். நீங்க மொதல்ல உங்க பேரைச் சொன்னீங்க. அப்படித்தான் சொல்லணும் போலன்னு நானும் என் பேரை மொதல்ல சொன்னேன். அவரு பேரை எனக்குப் பின்னால நின்ன பஞ்சவர்ணம் சொல்லுச்சு."

"மொதல்ல காட்டுன கண்ணாடி செவப்பா இருந்துச்சா?"

பொன்னாயி யோசித்தாள். "ஆமா. லேசா செவப்பா இருந்துச்சு."

வேம்பு அரியலூரில் நடந்ததைச் சொன்னாள். ராசாங்கம் நிலைப்படியில் சாய்ந்து நின்றபடி, "அது என்னோடதுதான் தங்கச்சி. வாயில வெள்ளையா இருக்கு, உங்க அண்ணி பாத்துட்டா" என்றான்.

"அப்பா!" என்றாள் மலர்க்கொடி. செம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் கிட்டே வந்தாள்.

பொன்னாயிக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா? நான் திருடி இல்லன்னு ஆயிருச்சா அண்ணி?" அவள் சிரித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகையும் சிரிப்புமாக வேம்புவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

பிடித்த கை மெல்லத் தளர்ந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப அது அவரோடதா அண்ணி?"

வேம்பு தலையை ஆட்டினாள்.

பொன்னாயி எழுந்தாள். அருவாமனை ஒரு பக்கம் சாய்ந்தது. தகரப் பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள்.

"அத்தே, எங்க போற? அங்க போக மாட்டேன்னு சொன்னியே!"

"இன்னிக்கு அந்த மனுசனுக்கு ராத்திரி ஷிப்டு. தனக்கு ஒண்ணுமில்லன்னு ரெண்டு பங்கா அதக்கிக்கிட்டுப் போவாருடி!"

"இரு, நானும் வரேன்" என்றான் ராசாங்கம். "நீ சொன்னா அவன் நம்ப மாட்டான். என் வாயைத் திறந்து காட்டுனாத்தான் நம்புவான்."

அவன் செருப்பைத் தேடும்போதே பேக்டரியில் சங்கு ஊதியது. தெருவில் வீட்டுக்கு ஒருவராக ஆம்பளைகள் இறங்கினார்கள். பொன்னாயி வெறுங்காலோடு அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

முச்சந்தியில் பாவாடை நான்கு பேரோடு பேசிச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தான். பொன்னாயி கூப்பிட்டபடி ஓடி வருவதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப் போட்டான். அவனுடைய இடது கன்னம் புடைத்திருந்தது.